மகள் படுக்க ஓர் இடம்

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நானும் வீட்டுக்காரரும் கோயம்புத்தூர் போய், ஏழு வகைச் சாதம் கட்டி, மகளுக்குக் கை கொள்ளாமல் வளையல் அடுக்கி, ஜெபம் சொல்லி எல்லாம் முடித்துவிட்டு, வெறுங்கையோடு தங்கச்சிமடம் திரும்பினோம். ராமநாதபுரத்தில் பஸ் மாறும்போது அவர் டீ வேண்டுமா என்று கேட்டார். நான் போய் அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். உச்சிப்புளி தாண்டி, பாம்பன் பாலம் ஏறி இறங்கும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அத்தனை ஆத்திரம் எனக்கு.

மகள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். சம்பந்தி வீட்டுச் சமையலறையில் என்னைத் தனியே கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நியாயமாகப் பேசினாள்.

“போன தடவ வந்தப்ப ரெண்டு இஞ்சினுக்கு நடுவுல பாய் விரிச்சுப் படுத்தேன். இந்த வயித்தோட என்னால ஏலாதும்மா. ரூம காலி பண்ணிட்டுச் சொல்லு, வாரேன்.”

சம்பந்தியம்மாள் நல்ல மனுஷி. பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், தெருமுனையிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம் என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக ஓர் அறை இல்லாதவள் என்று ஊர் என்னைச் சொல்லாது. என் நாத்தனார் சொல்வார். எட்டு மாதம் முடிந்துவிட்டால் நெடுந்தூரம் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எண்ணிப் பார்த்தால் கையில் ஐந்து வாரம் இருந்தது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு. தெற்கே ஒரு ஜன்னல், திறந்தால் கடல்காற்று நேரே உள்ளே வரும். மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்கென்று இளம்பச்சை நிறம் அடித்துக் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் கட்டி அனுப்பினோம். அவள் போன பதினெட்டாம் நாள் ஒரு கியர்பாக்ஸ் உள்ளே வந்தது.

என் வீட்டுக்காரர் படகு இஞ்சின் மெக்கானிக். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அதில்தான் பட்டறை. விசைப்படகு டீசல் இஞ்சினோ, நாட்டுப்படகின் பின்னால் மாட்டும் சின்ன மோட்டாரோ, எது நின்றுபோனாலும் அவரிடம்தான் வரும். தொழிலில் கெட்டிக்காரர், அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் கழற்றிய எதையும் அந்த மனுஷர் தூக்கிப் போட்டதில்லை. பட்டறை நிறைந்தது, வராந்தா நிறைந்தது, குளியலறைக்குப் போகும் நடையில் ஒருவர் ஒருக்களித்துத்தான் போக வேண்டும் என்று ஆனது. பிறகு அந்தக் கியர்பாக்ஸ். மழை வரும்போல இருக்கிறது, ரெண்டு நாளைக்கு மட்டும் உள்ளே இருக்கட்டும் என்றார். மழையும் வரவில்லை, கியர்பாக்ஸும் வெளியே போகவில்லை. அதற்குத் துணையாக ஒரு இஞ்சின் பிளாக் வந்தது, அதன் தலை வந்தது, ரேடியேட்டர் வந்தது, புரொப்பெல்லர் இரண்டு வந்தன. அப்புறம் பொட்டலங்கள் வர ஆரம்பித்தன.

பொட்டலம் என்றால் அதை விளக்கியாக வேண்டும். எங்கள் தீவில் இரும்பை வெறுமனே வைத்தால் ஒரு மாதத்தில் துருவாகிவிடும். காற்றே உப்பு. அதனால் அவர் கழற்றி வைக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் கிரீஸ் தடவி, என் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றி, வலைநூலால் இறுக்கிக் கட்டி வைப்பார். பச்சை நூல், நீல நூல், ஆரஞ்சு, வெள்ளை, சிலதில் இரண்டு நிறம் சேர்த்து. கைக்குக் கிடைத்த நூலைக் கட்டுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அறை முழுக்க, தரையிலிருந்து ஜன்னல் மட்டம் வரை, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத எண்ணெய்ப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் என் சேலையின் ஒரு கரையோ பூவோ தெரியும். என் சேலைகளுக்கு அங்கே நடந்த அடக்கத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

நான் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. மே மாத விடுமுறை. அவருக்கோ அதுதான் தலைபோகிற வேலை. மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகெல்லாம் கரையில் கிடக்கும், இஞ்சினெல்லாம் பிரித்துக் கிடக்கும், தடை முடிகிற அன்று எல்லாப் படகும் இறங்கியாக வேண்டும். இருந்தாலும் ஊர் திரும்பிய மறுநாளே நான் பிடித்துக்கொண்டேன். பிள்ளை வரணுமா வேண்டாமா என்று ஒரே கேள்விதான் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். வேண்டாததென்று மூன்று சாமானை வாசலில் எடுத்து வைத்திருந்தார். ஒரு விரிசல் விட்ட வாளி, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, போன வருஷத்துக் காலண்டர். மூன்றும் என்னுடையவை.

“அந்த ரேடியேட்டர்?” என்றேன்.

“தேவைப்படும்.”

“எப்போ?”

“தேவைப்படுறப்போ.”

இதற்கு மேல் ஒரு மனுஷியால் என்ன பேச முடியும். ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுப்பார், கையில் வைத்துப் பார்ப்பார், இது இன்ன படகில் இன்ன வருஷம் கழற்றினது, நல்லா ஓடின சாமான், புதுசு நடுவில் மக்கர் பண்ணினால் இதைத்தான் மாட்டணும் என்பார், பழையபடி அதே இடத்தில் வைப்பார். அறையை ஒதுக்கவில்லை, அறையிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். இப்படியே ஒரு வாரம் போனது. மகள் போன் பண்ணும்போதெல்லாம் நடக்குது, நடக்குது என்று நான் பொய் சொன்னேன். பொய் சொல்ல வைத்துவிட்டாரே என்று அதற்கும் சேர்த்து அவர் மேல் எரிச்சல் வந்தது.

அப்போதுதான் போனில் அந்த வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். வெள்ளை வெளேரென்ற வீட்டில் ஒரு பெண் நிற்பாள். எல்லாச் சாமானையும் தரையில் கொட்டுவாள், வகை வகையாகப் பிரிப்பாள், உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பாக்களில் போட்டு அடுக்கி, பெயர் எழுதி ஒட்டுவாள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். எனக்கும் இது தெரிந்த வேலைதான். பள்ளிக்கூட அலமாரியை வருஷா வருஷம் அப்படித்தான் ஒதுக்குகிறேன். ராமநாதபுரம் கடைத்தெருவில் முப்பது டப்பா வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். அவர் ராமேஸ்வரம் துறைமுகத்தில் ஒரு படகுக்கு இஞ்சின் ஏற்றும் வேலையாக மூன்று நாள் காலையில் போய்ச் சாயங்காலம் வந்துகொண்டிருந்தார். சாயங்காலம் வந்தவர் அறைப்பக்கம் போகவே தெம்பில்லாமல் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் நாள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். நூலை வெட்டினேன், துணியை உருவினேன், மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைத்தேன். உள்ளே இருந்த சாமான்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் உருவம் தெரிந்தது. விரல் மாதிரி நீளமாக, வழவழவென்று இருந்ததெல்லாம் ஒரு டப்பா. அதே அளவில் ஓட்டையோடு இருந்ததெல்லாம் ஒரு டப்பா. வளையம் எல்லாம் ஒன்று. ஸ்பிரிங் எல்லாம் ஒன்று. போல்ட்டை நீளவாரியாக நான்காகப் பிரித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் வேலை முடிந்தது. ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினேன். பெயர் தெரியாததற்கு “நீளம் – சிறியது”, “ஓட்டை உள்ளது”, “தெரியவில்லை 1”, “தெரியவில்லை 2”. எண்ணெய்த் துணியையும் நூலையும் கொல்லையில் குவித்துக் கொளுத்தினேன். கரும்புகை எழும்பவும் பக்கத்து வீட்டுக்காரி சத்தம் போட்டாள். போட்டால் போடட்டும் என்று நின்றேன். மூன்று வருஷமாகத் தெரியாத தரை தெரிந்தது. இளம்பச்சைச் சுவர் தெரிந்தது. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். மூன்று இதயம் போட்டு அனுப்பினாள். மனசு குளிர்ந்துபோனது.

சாயங்காலம் அவர் வந்தார். அவர் கையைக் கழுவியதும் நேராக அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன், அதை மறைப்பானேன்.

ஒவ்வொரு டப்பாவாக வாசித்தார். “நீளம் – சிறியது” டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தார். “ஓட்டை உள்ளது” டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். அதை இதற்குள் நுழைத்துப் பார்த்தார். பாதியில் நின்றது. வேறொன்றை எடுத்தார். அது லொடலொட என்று விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. பிறகு கட்டில்போல அடுக்கியிருந்த டப்பாக்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இதுல எது எதோட ஜோடி?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார், அந்தப் பொறுமை எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அது பிளஞ்சர், இது அதன் பேரல். டீசலை அழுத்தி இஞ்சினுக்குள் அனுப்புகிற சாமான். இரண்டும் ஒன்றோடொன்று உரசி உரசிப் பொருந்தின ஜோடி. ஒரு ஜோடியின் பிளஞ்சர் இன்னொரு ஜோடியின் பேரலுக்கு ஆகாது. வால்வும் அப்படித்தான், பேரிங்கும் அப்படித்தான். ஜோடியை ஒரே பொட்டலத்தில் கட்டியிருந்தாராம், எது யார் படகினுடையது என்று நூல்தான் சொல்லும். கடலில் தன் வலை எது என்று தெரிய ஒவ்வொருத்தரும் மிதவையில் ஒரு நிறத்தில் துணி கட்டுவார்கள் அல்லவா, அந்த நிறத்திலேயே அந்தப் படகின் சாமானையும் கட்டுவாராம். நீலமும் வெள்ளையும் என்றால் இன்னார், ஆரஞ்சு என்றால் இன்னார். கிரீஸ் மேல் பேனா எழுதாது, டீசல் பட்டால் எழுத்து அழிந்துபோகும், நூல் அழியாது.

“நூல எங்க வச்சிருக்க?” என்று கேட்டார்.

கொல்லையில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நான் கையைக் காட்டினேன்.

தப்பு என்னுடையது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. இருபத்தேழு வருஷமாக இந்த வீட்டில் குடும்பம் நடத்துகிறேனே, நூலுக்கு இப்படியொரு கணக்கு உண்டென்று ஒருநாள் சொல்லியிருக்கிறீர்களா என்று எகிறினேன். அவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் பாம்பன்காரர் ஒருவர் வந்தார். பல வருஷமாக இவரிடமே இஞ்சினைக் கொடுப்பவர். புதிதாகப் போட்ட பிளஞ்சர் சரியில்லை, பழசை மாட்டிக் கொடுங்கள், தடை முடிகிற அன்று நான் இறங்கணும் என்றார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் என் பெயரை எடுக்கவில்லை. எங்கேயோ வைத்தேன், இடம் மறந்துபோனது என்றார்.

“ஒங்களுக்கா மறந்துச்சு?” என்றார் வந்தவர்.

எங்கள் தீவில் என் புருஷனை அப்படிக் கேட்டவர் அதுவரை யாரும் இல்லை. மறுநாள் என் வீட்டுக்காரரே மதுரைக்குப் போய்ப் புதிய ஜோடி ஒன்றை வாங்கிக்கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்று இரண்டு தடவை பட்டறை வரை போனேன். போய் நின்றதும், இதெல்லாம் முதலிலேயே இவர் அறையைக் காலி பண்ணியிருந்தால் நடந்திருக்குமா என்று தோன்றிவிடும், திரும்பி வந்துவிடுவேன்.

அதற்குப் பிறகுதான் அவர் அதைச் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிட்டார். குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. கியர்பாக்ஸ், பிளாக், ரேடியேட்டர், டப்பாக்களில் நான் வகை பிரித்த அத்தனை சாமான். பட்டறைப் பலகைகளில் இருந்ததிலும் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டார். வேண்டாம், அதெல்லாம் ஜோடியோடுதானே இருக்கிறது என்று நானே குறுக்கே போனேன். பாதி போனபிறகு மீதி எதுக்கு என்றார். ஜோடி தெரியாத சாமான் வெறும் இரும்புதான் என்று சொல்லிவிட்டு வண்டிக்காரரோடு சேர்ந்து தூக்கப் போனார். நான் மூன்று வருஷமாகக் கேட்டது எனக்குக் கிடைத்தது. வண்டி திரும்பும்போது ஏன் அழுகை வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காலியான முப்பது டப்பாவையும் இரும்புக்காரர் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சரி, அறை கிடைத்தது. பினாயில் ஊற்றி நாலு தடவை கழுவினேன். எண்ணெய்க் கறை போகவில்லை, நாற்றம் போயிற்று. சுவருக்கு மறுபடி இளம்பச்சை அடித்தேன். அடிக்கும்போது தலைக்கு மேலே பரண் இருந்தது. அதையும் அடித்துவிடலாமே என்று அதில் இருந்ததைக் கீழே இறக்கினேன். ரெண்டு நாளைக்கு மட்டும்.

பரணில் இருந்தவை என் பாத்திரங்கள். மகள் பிறந்த வருஷத்திலிருந்து சேர்த்தவை. ஒவ்வொரு ஊதிய உயர்வுக்கும் ஒன்று, ஒவ்வொரு சீட்டு எடுத்தபோதும் ஒன்று. அண்டா, குண்டான், பித்தளைக் குடம், அடுக்குச் சட்டி, தூக்குவாளி, ஐம்பத்தோரு டம்ளர். கல்யாணத்துக்குச் சீராக வரிசை வைத்தபோது ஊரே பார்த்தது. அவள் கோயம்புத்தூரில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் குடித்தனம் வைத்தாள். ஒரு குக்கர், இரண்டு சட்டி, ஒரு தோசைக்கல் எடுத்துக்கொண்டாள். மீதி என்னிடமே திரும்பி வந்தது. அதோடு என் கல்யாணத்துக்கும், வீடு கட்டிப் புதுமனை புகுந்தபோதும் வந்த அன்பளிப்புகள். எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். இன்னார் அன்பளிப்பு என்று புள்ளி புள்ளியாக வெட்டி, கீழே தேதி.

பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கொடுக்க முடியாது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன் ஒரு தடவை, தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் என் நாத்தனார் கொடுத்த எவர்சில்வர் வாளியைப் போட்டுவிட்டு ஒரு இட்லிக் கொப்பரை வாங்கினேன். ஒரு வருஷம் கழித்துக் கோவில் திருவிழா அசனத்தில் பந்தி போட்டார்கள். என் நாத்தனார் இலையில் சாம்பார் ஊற்ற வந்த பையன் கையில் இருந்தது அதே வாளி. அவர் பெயர் அவரைப் பார்த்தே நின்றது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் என்னோடு பேசவே இல்லை. அன்றிலிருந்து நான் ஒரு கரண்டியைக்கூட வெளியே விட்டதில்லை.

பரணுக்கு அடித்த பெயிண்ட் காய்ந்தது. மேலே ஏற்ற ஆள் வேண்டும். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கட்டில் வந்தது, கட்டிலுக்கு அடியில் அண்டாவைத் தள்ளினேன். முப்பது டப்பாவும் காலியாகக் கிடந்தன. சும்மா கிடப்பானேன் என்று ஐஸ்கிரீம் டப்பா மூடிகள், துணிக்கடைப் பைகள், மகளின் பழைய பாவாடை சட்டை, பேரப்பிள்ளைக்கு ஆகுமென்று நான் கிழித்துத் தைத்து வைத்த துணிகள் எல்லாம் போட்டுப் பெயர் எழுதி அடுக்கினேன். தொட்டில் கம்பு, எண்ணெய் தேய்த்துவிடப் பலகை, பிள்ளைக்கு இரண்டு அளவில் குளிப்பாட்டும் பேசின். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, புதுப் பிள்ளைகள், புத்தகம் கொடுக்கிற வேலை. இன்றைக்கு எடுத்துவிடலாம், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே மகளுக்குப் போன் பண்ணி ரூம் ரெடி, வா என்றேன். பொய் சொல்கிறேன் என்ற எண்ணமே எனக்கு இல்லை. அது என் சாமான். அது எங்கே அடைசலாகும்?

தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போன அன்று, சொன்னதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். மருமகனுக்கு லீவு அப்போதுதான் கிடைத்ததாம். கார் வாசலில் வந்து நின்றபோது நான் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பட்டறையில் காலிப் பலகைகளுக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தார். மகள் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் வீங்கி, மெல்ல நடந்து நேராக அவள் அறைக்குப் போனாள். பின்னால் பெட்டியோடு மருமகன். அவருக்குப் பின்னால் நான்.

கதவைத் திறந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டில் மேலே டம்ளர் மூட்டை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் பித்தளைக் குடங்கள். அந்தப் பக்கம் டப்பாக்கள், ஜன்னல் மட்டம் வரை. நான் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுதான் அந்த அறையை நானும் பார்த்தேன்.

“அய்யாவோட இரும்புக்கு நடுவுலயாச்சும் எனக்குப் பாய் விரிக்க எடம் இருந்துச்சும்மா,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். மருமகன் முன்னால் எனக்கு முகம் எரிந்தது. ரெண்டு நாளில் ஒதுக்கிவிடுகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. மருமகன் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அத்தை, வேண்டுமானால் இப்போதே திரும்பிவிடுகிறோம், அம்மா அங்கே எல்லாம் தயாராகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் சிரித்திருக்கலாம். சிரிக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் பட்டறையிலிருந்து மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து நடையில் போட்டு, உக்காரு தாயி என்று மகளை உட்கார வைத்தார். பிறகு அறைக்குள் போய், கையில் அகப்பட்ட முதல் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இது யாருது?” என்றார்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யாருடையது என்று தெரியாமல் ஒரு சாமானைக் கைவிட்டவர் இல்லை அவர். நான் கைவிட வைத்தேன். நான் பெயரை வாசித்துச் சொன்னேன். அவர் அதைப் பட்டறையில் காலிப் பலகையின் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் சொன்னேன். என் நாத்தனார் பெயர் வந்தது, அவருடைய அக்காள், அதை அவர் தனியே வைத்தார். இப்படிப் பதினைந்து இருபது போயிருக்கும். கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய அண்டாவை இழுத்தார். அதில்தான் நான் நின்றுவிட்டேன்.

அது மகள் பெயர் வெட்டியது. அவள் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த வருஷம் வாங்கி, கடையிலேயே நின்று வெட்டச் சொன்னது. அதோடு மூட்டையில் இருந்த மற்ற எல்லாவற்றிலும் அவள் பெயர்தான். பலகையில் வைக்க அது கொள்ளாது. தெருவில் வரும் பாத்திரக்காரருக்கோ, கோவில் சமையலுக்கோதான் கொடுக்க வேண்டும். அவளோட பேர் போட்டதை எப்படிக் குடுப்பேன் என்று அவரிடம்தான் சொன்னேன்.

நடையில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்டுவிட்டது.

“என் பேரு வெட்டுனதுன்னா அது எனக்குத்தான சொந்தம்? நான் சொல்றேன், குடுத்துரும்மா. நான் படுக்கணும்.”

அவர் அண்டாவின் ஒரு வளையத்தைப் பிடித்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து மறு வளையத்தைப் பிடித்தேன். இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு, நடையில் ஒருக்களித்து, மகளின் காலை இடிக்காமல் வெளியே வந்தோம். நாங்கள் வாசல்படியைத் தாண்டிய பிறகுதான் மருமகன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.